கேளுங்கள், சொல்கிறேன்: தாய்லாந்து டீச்சர்களின் சனி, ஞாயிறு அருவிகள்

தாய்லாந்துப் பள்ளிகளில் வேலை பார்க்கும் நம் வாசகர்கள் கொஞ்ச காலமாக அனுப்பும் கடிதங்களில் அருவி பற்றிய கேள்விதான் அதிகம். விசா, சம்பளம், வாடகை எல்லாம் கேட்டுத் தீர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. நானும் அங்கே பாடம் நடத்தியவள் என்பதால் நம் இதழின் ஆசிரியர் குழு மொத்தக் கடிதக் கட்டையும் என் மேசைக்குத் தள்ளிவிட்டது. கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: பாங்காக்கில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். ஸ்டாஃப் ரூமில் நாங்கள் ஐந்து பேர் ஒரு செட். பிலிப்பைன்ஸ்காரர்கள் இரண்டு பேர், தென்னாப்பிரிக்கர் ஒருவர், தாய் டீச்சர் ஒருவர், அப்புறம் நான். அடுத்த மாதம் ஒரு சனி, ஞாயிறில் காஞ்சனபுரி போகிறோம். எராவான் அருவியின் ஏழு அடுக்கு, சாய் யோக் நொய், சாய் யோக் யாய், குவாய் ஆற்றுப் பாலம், போர்க்காலத்தில் ரயிலுக்காகப் பாறையை வெட்டிய ஹெல்ஃபயர் பாஸ், ரயில் பயணம் எல்லாம் முடித்துவிட்டு, திங்கள் காலை எட்டு மணிக்குக் கொடியேற்றத்தில் நிற்க வேண்டும். அட்டவணை அனுப்பியிருக்கிறேன். சரியா என்று பாருங்கள்.

பதில்: அட்டவணையைப் பார்த்தால் கணக்கு டீச்சர் போட்டது என்று தெரிகிறது. ஐந்து பேரும் ஈரத்துணி மாற்ற ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை, சாப்பாட்டுக்கு இருபது நிமிடம். தென்னாப்பிரிக்க நண்பர் உங்களோடு நட்பாகத் தொடர வேண்டுமென்றால் இதைக் கிழித்துப் போடுங்கள்.

முதலில் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். எராவான் இருப்பது குவாய் யாய் ஆற்றுப் பக்கம், ஸ்ரீநகரிந்த் அணைக்குப் போகிற வழியில். சாய் யோக் அருவிகள், ரயில், ஹெல்ஃபயர் பாஸ் மூன்றும் குவாய் நொய் ஆற்றுப் பக்கம். இரண்டு ஆறும் காஞ்சனபுரி ஊரில்தான் சேர்கின்றன. பஸ்ஸில் போகிறவர்கள் ஒன்றை முடித்து ஊருக்குத் திரும்பி வந்துதான் அடுத்ததற்குப் போக வேண்டும். சொந்த வேன் இருந்தால் மலையைக் கடந்து போகிற குறுக்குச் சாலை இருக்கிறது, ஆனால் ஏழு அடுக்கு ஏறி இறங்கியவர்களை அன்றைக்கே இன்னொரு அருவியில் இறக்கிவிட்டால் யாரும் குளிக்க மாட்டார்கள், வேனிலேயே தூங்குவார்கள்.

அதனால் சனிக்கிழமை எராவான் மட்டும். வெள்ளி இரவே காஞ்சனபுரி போய்த் தங்கிவிடுங்கள், பாங்காக்கிலிருந்து 130 கிலோமீட்டர் போலத்தான். ஊரிலிருந்து அருவிக்கு இன்னொரு 65 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகும். திரும்பிவரும் கடைசி பஸ் மாலையிலேயே போய்விடும், இறங்கும்போதே டிரைவரிடம் நேரம் கேட்டுவையுங்கள். இதை உங்கள் தாய் டீச்சர் கேட்கட்டும், நீங்கள் கேட்டால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார், நேரம் வராது.

அருவியில் ஏறும் பாதை மொத்தமே இரண்டு கிலோமீட்டருக்குள்தான். அதை நம்பிச் செருப்போடு வருகிறவர்கள் மூன்றாம் அடுக்கைத் தாண்டியதும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். மேலே போகப் போக மரவேர், ஈரப்பாறை, செங்குத்தான படி. எல்லோரும் செய்வது என்னவென்றால், இரண்டாம் அடுக்கில் பச்சைத் தண்ணீரைப் பார்த்ததும் பையை வீசிவிட்டு இறங்கிவிடுவது. நீங்கள் முதலில் உலர்ந்த துணியோடு ஏழாவதுக்கு ஏறிவிடுங்கள், குளியலை இறங்கும்போது வைத்துக்கொள்ளலாம். பிற்பகல் மூன்று மணியை ஒட்டி வனத்துறையினர் மேல் அடுக்குகளிலிருந்து ஆட்களை இறக்க ஆரம்பித்துவிடுவார்கள். கீழே குளித்துவிட்டு மெதுவாக ஏறலாம் என்றிருந்தவர்கள் ஐந்தாவதிலேயே திரும்ப வேண்டியதாகிவிடும்.

இரண்டாம் அடுக்குக்கு மேல் சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்கள். தண்ணீர் பாட்டில் கொண்டுபோகலாம், ஆனால் எண்ணிப்பார்த்து முன்பணம் வாங்குவார்கள், காலி பாட்டிலைத் திருப்பிக் காட்டினால் பணம் திரும்ப வரும். குரங்குகள் இருக்கின்றன, பையின் ஜிப்பைத் திறக்கத் தெரிந்த குரங்குகள். அப்புறம் மீன். தண்ணீரில் காலை வைத்து ஒரு நிமிடம் அசையாமல் நின்றால் போதும், குதிகாலில் ஒன்று, விரலிடுக்கில் ஒன்று என்று வந்து கொத்த ஆரம்பிக்கும். வலிக்காது, ஆனால் கூச்சம் தாங்காது. எவ்வளவு பெரிய ஆளும் அங்கே கத்துவார். ஏழாவது அடுக்கில் பாறையின் வடிவம் மூன்று தலை ஐராவதம் மாதிரி இருப்பதால்தான் அருவிக்கே அந்தப் பெயர் என்பார்கள். எனக்கு ஒரு தலைகூடத் தெரிந்ததில்லை, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரயில். காஞ்சனபுரியிலிருந்து நாம் டொக் வரைக்கும், வாம்போவில் ஆற்றுக்கும் செங்குத்துப் பாறைக்கும் நடுவே மரப்பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும். சாய் யோக் நொய் அந்தப் பக்கம்தான். சின்ன அருவி, அரை மணி நேரம் போதும். நேரம் இருந்தால் ஹெல்ஃபயர் பாஸ். சாய் யோக் யாயை விட்டுவிடுங்கள், அது இன்னும் தள்ளி இருக்கிறது. அதையும் சேர்த்தால்தான் ஞாயிறு இரவு பதினோரு மணிக்கு நெடுஞ்சாலையில் மினிவேன் டிரைவரை விரட்டிக்கொண்டிருப்பீர்கள். அருவிப் பயணத்தில் எனக்குப் பயம் அருவியைப் பற்றி இல்லை, அந்தக் கடைசி மூன்று மணி நேரத்தைப் பற்றித்தான்.

கேள்வி: பூங்கா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுக்காரர்களுக்கு 300 பாட், தாய் மக்களுக்கு அதைவிட ரொம்பக் குறைவு. இங்கேயே வேலை பார்த்து வரி கட்டுகிறேன், நானும் 300 கொடுக்க வேண்டுமா?

பதில்: பணி அனுமதியையோ தாய் ஓட்டுநர் உரிமத்தையோ காட்டிச் சிரித்த முகத்தோடு கேளுங்கள். சில வாயில்களில் குறைப்பார்கள், சில இடங்களில் மாட்டார்கள். மாட்டோம் என்றால் 300 கொடுத்துவிட்டு உள்ளே போங்கள். வரிசையில் பின்னால் நிற்கிற உங்கள் மாணவனின் அம்மாவுக்கு நீங்கள் போடும் சண்டை நன்றாகக் கேட்கும்.

கேள்வி: ஜூலையில் ஆசாள்ஹ பூஜை என்ற பௌத்தப் பண்டிகை விடுமுறை நீளமாக வருகிறது. நண்பர்கள் காவோ யாய் தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்கிறார்கள். மழைக்காலத்தில்தான் அருவி அருவியாக இருக்கும் என்பது அவர்கள் வாதம். நான் குற்றாலத்தில் குளித்து வளர்ந்தவன், தண்ணீருக்குப் பயமில்லை. ஆனால் அம்மா ஃபோனில் வேண்டாம் வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது தம்பி நான்?

பதில்: என்னைத் தம்பி என்று கூப்பிட்டதை மன்னித்துவிட்டேன், அக்கா என்று திருத்திக்கொள்ளுங்கள். அம்மா சொல்வதில் முக்கால்வாசி சரி.

குற்றாலத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது, வெள்ளம் வந்தால் போலீஸ் விரட்டுகிறது. காட்டு அருவியில் அந்த வேலையை நீங்களே பார்க்க வேண்டும். தாய்லாந்தில் மழை மே நடுவில் தொடங்கி அக்டோபர் வரை இருக்கும், அதாவது உங்கள் முதல் பருவம் முழுக்க. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மலையுச்சியில் மழை கொட்டி, அந்தத் தண்ணீர் ஒரு மணி நேரம் கழித்து உங்களிடம் வந்து சேரும். மழைக்காலம் மட்டும் என்றும் நினைக்காதீர்கள். 2007 ஏப்ரலில், சொங்கரான் என்ற தாய்ப் புத்தாண்டு விடுமுறையில், நல்ல கோடையில் திராங் மாகாணத்தில் அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்களைத் திடீர் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. முப்பது பேருக்கும் மேல் இறந்தார்கள். காவோ யாயிலேயே ஹேவ் நரோக் அருவியில் 2019 அக்டோபரில் காட்டு யானைகள் விழுந்து செத்தன, மொத்தம் பதினொன்று. தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் நடந்த யானைக்கே அந்த நீரோட்டத்தில் கால் நிற்கவில்லை.

இதற்காகப் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. காவோ யாய் மழையில் அவ்வளவு அழகு, 1962-இல் அறிவித்த நாட்டின் முதல் தேசியப் பூங்கா, பார்க்காமல் திரும்பக் கூடாது. பார்க்கப் போங்கள், குளிக்கப் போகாதீர்கள். ஹேவ் நரோக், ஹேவ் சுவாட் இரண்டும் மேடையில் நின்று பார்ப்பதற்குத்தான். வேறு எங்காவது தண்ணீரில் இறங்கினால், ஒருவராவது கரையில் உட்கார்ந்து தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் கூட்டமாக வந்தாலோ, சத்தம் கனமானாலோ, உடனே பக்கவாட்டில் மேட்டில் ஏறுங்கள். ஆற்றோடு கீழே ஓடாதீர்கள், தண்ணீர் உங்களைவிட வேகமாக ஓடும். ஃபோனையும் செருப்பையும் எடுக்கத் திரும்பாதீர்கள்.

பூங்கா வாயிலில் மூடியிருக்கிறது என்றால் மூடியிருக்கிறதுதான். மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்தோமே, விடுமுறை போய்விடுமே என்று வேலியைத் தாண்டி ஒரு குறுக்குவழி கண்டுபிடிக்க எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். உங்கள் கூட்டத்தில் அது யார் என்று உங்களுக்கே தெரியும். அவரிடம் முந்தின நாளே பேசிவிடுங்கள்.

கேள்வி: நாகோன் ராட்சசீமாவில் ஆரம்பப் பள்ளி டீச்சர். போன மாதம் அருவிக்குப் போன படத்தைத் தோழி பொதுவில் போட்டுவிட்டாள், நான் நீச்சலுடையில் இருக்கிறேன். பெற்றோர்களின் லைன் (அரட்டைச் செயலி) குழுவில் அது சுற்றியது. தலைமையாசிரியை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் சரியில்லை. நான் செய்தது தப்பா?

பதில்: தப்பில்லை. ஆனால் அங்கே அருவியில் சுற்றிலும் யார் என்ன போட்டுக் குளிக்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்களே. பெரும்பாலான தாய் குடும்பங்கள் டீ-ஷர்ட், அரைக்கால் சட்டையோடுதான் தண்ணீரில் இறங்கும், அதிலும் டீச்சர் என்றால் எதிர்பார்ப்பு ஒரு படி அதிகம். படத்தை எடுக்கச் சொல்லுங்கள். தலைமையாசிரியையிடம் நீங்களாகவே போய், கைகூப்பி, இனிமேல் கவனமாக இருக்கிறேன் என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது. விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால்தான் விஷயம் நீளும். அடுத்த தடவை ஒரு கறுப்பு டீ-ஷர்ட்டை மேலே போட்டுக்கொள்ளுங்கள், வெயிலுக்கும் நல்லது.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. சியாங் மாயில் என்னோடு வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் கரையில் உட்கார்ந்து பைகளுக்குக் காவல் இருந்து அலுத்துவிட்டது. போகாமல் இருந்தால் ஒதுங்குகிறேன் என்கிறார்கள்.

பதில்: உங்கள் ஊருக்கு வடக்கே 60 கிலோமீட்டர் தூரத்தில் புவா தோங் அருவி இருக்கிறது. அடுத்த முறை இடத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள், அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். அது நீந்துகிற அருவி இல்லை, ஏறுகிற அருவி. சுண்ணாம்புச் சத்து நிறைந்த தண்ணீர் பாறை மேல் படிந்து படிந்து சொரசொரப்பான மேலோடு கட்டியிருக்கிறது, பாசி அதில் அவ்வளவாகப் பிடிக்காது. ஓடுகிற தண்ணீரிலேயே வெறுங்காலோடு நேராக மேலே நடந்து போகலாம், பாதம் உப்புத்தாள் மேல் வைத்தது போல ஒட்டி நிற்கும். செங்குத்தான இடங்களில் கயிறு கட்டியிருக்கிறார்கள். பச்சையாக, வழவழவென்று தெரிகிற இடம் மட்டும் பாசி, அங்கே கால் வைக்காதீர்கள். நீச்சல்காரர்கள் கீழே நின்று யோசித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் மேலே போய் உட்கார்ந்திருக்கலாம்.

மற்ற அருவிகளில், உயிர்காப்பு மேலங்கி வாடகைக்குக் கிடைத்தால் வெட்கப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். அருவி நேராக விழுகிற இடத்துக்கு மட்டும் அதைப் போட்டுக்கொண்டும் போக வேண்டாம். அங்கே தண்ணீரில் காற்றுக் குமிழி அதிகம், உடம்பு மிதப்பது குறையும், சுழல் உள்ளே இழுக்கும். நீச்சல் தெரிந்த உங்கள் நண்பர்களுக்கும் இதே பேச்சுதான். மேலேயிருந்து குதிக்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதே இல்லை.

கேள்வி: வாடகை ஸ்கூட்டரில் தோய் இந்தனோன் போகலாம் என்கிறான் நண்பன். இரண்டு பேரிடமும் பைக் லைசென்ஸ் இல்லை. யாரும் பிடிக்க மாட்டார்கள் என்கிறான்.

பதில்: போலீஸ் பிடிக்காமல் போகலாம். 2,565 மீட்டர் மலையிலிருந்து ஈரச் சாலையில் இறங்கும்போது விழுந்தால், லைசென்ஸ் இல்லாதவருக்குக் காப்பீடு பணம் தராது, ஆஸ்பத்திரி பில் உங்கள் தலையில். வேன் பிடித்துப் போங்கள். பணி அனுமதி இருக்கிறது அல்லவா, அதை வைத்து அங்கேயே முறையாக லைசென்ஸ் எடுக்கலாம். எடுத்த பிறகு சமவெளியில் ஓட்டிப் பழகுங்கள்.

கேள்வி: நான்கு நாள் விடுமுறை. லாவோஸில் லுவாங் பிரபாங் பக்கத்தில் குவாங் சி அருவிக்கு எல்லோரும் டிக்கெட் போடுகிறார்கள். நான் போய் வரலாமா? நான்-இமிக்ரண்ட் பி என்ற வேலை விசாவில் ஒரு வருட நீட்டிப்பு வாங்கியிருக்கிறேன்.

பதில்: மறு நுழைவு அனுமதி எடுத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதால் எடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். அது இல்லாமல் எல்லையைத் தாண்டினால் அந்த ஒரு வருட நீட்டிப்பு அன்றைக்கே செத்துவிடும், பணி அனுமதியும் சேர்ந்து சிக்கலாகும், பள்ளி அலுவலகத்தில் அந்தக் காகிதங்களைத் தயார் செய்த அம்மா உங்களை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டார். ஒரு தடவைக்கு 1,000 பாட், பல தடவைக்கு 3,800. குடிவரவு அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பெரிய விமான நிலையங்களிலும் தருகிறார்கள், ஆனால் விமானத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது அந்த வரிசையில் நிற்பது மனத்துக்கு நல்லதில்லை. உங்களோடு வருகிற மற்ற நாட்டுக்காரர்களின் விசா விதி வேறு, லாவோஸ் விசா விதியும் வேறு, அவர்கள் செய்ததைப் பார்த்து நீங்கள் செய்யாதீர்கள்.

குவாங் சி ஊரிலிருந்து 30 கிலோமீட்டர் போல. அங்கேயும் சுண்ணாம்புத் தண்ணீர்தான், நீலப்பச்சை நிறம் அதனால் வருவது. எல்லாக் குளத்திலும் இறங்கக் கூடாது, குளிக்க அனுமதித்த இடத்துக்குப் பலகை இருக்கும்.

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் என் தாத்தாவின் அண்ணனை மலாயாத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை போட ஜப்பானியர்கள் அழைத்துப் போனார்கள். திரும்பி வரவில்லை. இப்போது நான் ராட்சபுரியில் டீச்சர். நண்பர்கள் காஞ்சனபுரிக்கு அருவி, குளியல், பாட்டு என்று கிளம்புகிறார்கள். எனக்கு அந்த ரயிலில் செல்ஃபி எடுத்துக்கொண்டு போக மனம் வரவில்லை. வரமாட்டேன் என்று சொன்னால் காரணம் கேட்கிறார்கள்.

பதில்: காரணத்தைச் சொல்லிவிடுங்கள். உங்களோடு வருகிறவர்களில் பலருக்கு அந்தப் பாதை போர்க்கைதிகள் போட்டது என்று மட்டும்தான் தெரிந்திருக்கும். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள், 415 கிலோமீட்டர். போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன, புல் வெட்டிப் பராமரிக்கிறார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 என்பது ஒரு மதிப்பீடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள், பர்மியர்கள், மலாய்க்காரர்கள், ஜாவாக்காரர்கள். காலராவிலும் பட்டினியிலும் போனவர்களுக்கு யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை.

ஊருக்குள்ளேயே வாட் தாவோர்ன் வராராம் என்ற கோயிலில் ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்துப் புதைத்த நினைவிடம் இருக்கிறது. சுற்றுலா வேன்கள் பொதுவாக நிற்பதில்லை. நண்பர்களிடம், சனிக்கிழமை அருவிக்கு வருகிறேன், ஞாயிறு காலை ஒரு மணி நேரம் எனக்கு வேண்டும் என்று சொல்லுங்கள். கூட வருகிறோம் என்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். வந்தால் கூட்டிக்கொண்டு போங்கள், தனியாக இருக்கத் தோன்றினால் அதையும் சொல்லலாம். ஹெல்ஃபயர் பாஸில் பாறையை உளியும் சுத்தியலும் வைத்து வெட்டிய தடம் அப்படியே தெரியும், அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. தாத்தாவின் அண்ணன் பெயர் உங்கள் வீட்டில் யாருக்காவது தெரியுமா என்று போவதற்கு முன்னால் ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்கள். ரயிலில் ஏறுவதா வேண்டாமா என்பதை நிலையத்தில் போய் முடிவு செய்துகொள்ளலாம். ஏறினாலும் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

கேள்வி: ஒவ்வொரு தடவையும் வேன் பேசுவது, ரூம் போடுவது, பணம் கேட்டு அலைவது எல்லாம் நான்தான். ஒருவன் எப்போதும் ஒரு மணி நேரம் லேட். அலுத்துவிட்டது.

பதில்: பணத்தைப் பயணத்துக்கு முன்னால் வாங்குங்கள், கொடுக்காதவருக்கு இருக்கை இல்லை. வேன் ஆறு மணிக்குக் கிளம்பும் என்றால் ஆறு மணிக்குக் கிளம்புங்கள். ஒரே ஒரு தடவை விட்டுவிட்டுப் போனால் போதும். அவர் கோபித்துக்கொள்வார், புதன்கிழமை மறுபடி பேசுவார்.

கேள்வி: அட்டை கடித்தால் உப்பு போடலாமா? போன வாரம் மூன்று கடி. இப்போது லேசாகக் காய்ச்சல் வேறு.

பதில்: உப்பு, நெருப்பு எதுவும் வேண்டாம். விரல் நகத்தை அட்டையின் வாய்ப்பக்கம் தோலோடு ஒட்டி நகர்த்தினால் விட்டுவிடும், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், அழுத்திப் பிடித்தால் நிற்கும். அடுத்த தடவை முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள், காவோ யாயில் கிடைக்கும்.

ஆனால் உங்கள் காய்ச்சலுக்கும் அட்டைக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. அருவியிலும் சேற்றிலும் நின்றவர்களுக்கு எலிக்காய்ச்சல் வர வாய்ப்பு உண்டு, ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு சேர்ந்து இருந்தால் சந்தேகமே வேண்டாம், ஓடுங்கள். டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால் ஆஸ்பிரின், இப்யூப்ரோஃபென் எதையும் நீங்களாக விழுங்காதீர்கள். இந்த இதழ் வந்து சேரும்வரை காத்திருக்க மாட்டீர்கள் என்று உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். இன்றைக்கே டாக்டரிடம் போய், காட்டுக்குப் போனேன், அருவியில் குளித்தேன், எந்த நாள் என்று முதலிலேயே சொல்லுங்கள், அவராகக் கேட்க மாட்டார். நடக்க முடியாத அளவுக்கு ஆகிவிட்டால் அவசர மருத்துவ உதவி எண் 1669-க்குக் கூப்பிடுங்கள், பக்கத்து அறை தாய் டீச்சரை விட்டுப் பேசச் சொல்லுங்கள். திங்கட்கிழமைக்கு லீவு சொல்லிவிடுங்கள்.